ஒரு சாண் உயரம்: பரங்கிப்பேட்டைக் கழிக்கரைக் காடு

சேர்வராயன் மலைப்பக்கம் பிறக்கும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையை ஒட்டி வங்கக் கடலில் சேர்கிறது. அதற்குத் தெற்கே கொள்ளிடம் சேர்கிறது. இந்த இரு முகத்துவாரங்களுக்கும் நடுவே நிலம் நேராகக் கடலில் இறங்குவதில்லை. கடலோரம் நெடுக ஒரு மணல்மேடு கிடக்கிறது. அதன் முதுகுப்பக்கம் உப்பங்கழி, ஓரிடத்தில் ஏரியாய் விரிந்தும் மற்றோரிடத்தில் வாய்க்காலாய் ஒடுங்கியும் ஓடுகிறது. கழிக்குள் ஐம்பதுக்குக் குறையாத திட்டுகள். திட்டுகளின் மேல் காடு. ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு இதுதான். 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. வெள்ளாற்றங்கரையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் உயராய்வு மையம் இருக்கும் பக்கத்தில், அம்மையத்தார் நட்டு வளர்த்த இளைய அலையாத்திக் காடு ஒன்றும் உண்டு.

பிச்சாவரத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் படகில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறார்கள். படகிலிருந்து தெரிவது இருபுறமும் ஒரே பச்சைச் சுவர். கரையில் இறங்கி, நீர்விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி மெல்ல நடந்தால்தான் அந்தச் சுவர் ஒன்றல்ல என்பது தெரியவரும். சேற்றுத்தரை, சுரபுன்னை வரிசை, கண்டல் காடு, உமரி படர்ந்த வெளி, தில்லை நிற்கும் கரை, பிறகு மணல்மேடு என்று பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மலைச்சரிவில் காடு மாற நூற்றுக்கணக்கான மீட்டர் ஏற வேண்டும். இங்கே மொத்த ஏற்றமும் ஓர் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே பல இடங்களில் ஒரு சாண்தான். மண்ணும் மழையும் வெயிலும் பொதுவாக இருக்க, ஒரு சாண் உயரம் மட்டும் மரத்தை மாற்றிவிடுகிறது. அது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

ஓதம் எவ்வளவு ஏறுகிறது

கடல்நீர் நாளுக்கு இருமுறை கழிக்குள் ஏறி, இருமுறை வற்றுகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இந்த ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 10 மீட்டரைத் தொடும். சுந்தரவனத்தில் நான்கைந்து மீட்டர். பரங்கிப்பேட்டைக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்திலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மற்ற நாள்களில் இதைவிடக் குறைவு. இந்தச் சிறிய அளவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஓதம் ஐந்து மீட்டர் ஏறும் கரையில் ஒரு சாண் மேடு கணக்கில் வராது. ஒரு மீட்டருக்குள் ஏறும் கரையில் ஒரு சாண் என்பது மொத்த ஓதத்தில் நான்கில் ஒரு பங்கு. நாள்தோறும் இருமுறை நனையும் தரை அந்த ஒரு சாணில், மாதத்தில் சில நாள்கள் மட்டும் நனையும் தரையாகிவிடும். அதற்கும் மேலே இன்னொரு சாண் போனால், ஆண்டுக்குச் சில முறை மட்டும், ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தின்போது, நீரைக் காணும்.

அடிக்கடி நனையும் மண்ணில் உப்பின் அளவு கடல்நீரை ஒட்டியே நிற்கும். ஒவ்வொரு ஏற்றமும் பழைய உப்பைக் கரைத்து வற்றத்தோடு கொண்டுபோய்விடும். ஆனால் அந்த மண்ணில் காற்றுக்கு இடமில்லை. நீரினூடே ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே நீர் ஊறிய களியில் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அழுகிய முட்டை வாடையும் களியின் கருநிறமும் அவை உண்டாக்கும் சல்பைடால் வருபவை. அபூர்வமாக நனையும் மேட்டு மண்ணில் நிலைமை தலைகீழ். காற்று உண்டு. ஆனால் வந்த நீர் வெயிலில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச்செல்வதால், கோடையில் அதன் உப்பு கடலைவிடப் பல மடங்கு ஏறிவிடும். கழிக்கரையில் ஒவ்வொரு செடியும் இந்த இரு தொல்லைகளில் எதை எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தே தன் இடத்தைப் பிடித்திருக்கிறது.

நடப்பதற்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. மழை ஓய்ந்து கழியில் நன்னீர் வடிந்திருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்கமாட்டா, வெயிலும் கடுமையாகியிருக்காது. அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த நாள்களில், நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துக் கரைக்கு வருவது நல்லது. சேற்றுத்தரை முழுவதும் வெளிப்படுவது அப்போதுதான்.

சேற்றுத்தரை

மரம் எதுவும் இல்லாத இந்த முதல் பட்டையைப் பலர் வெறும் சேறென்று கடந்துபோவார்கள். சில நிமிடம் அசையாமல் நின்றால் அதே சேறு உயிர்பெறும். கால் அதிர்வில் வளைக்குள் ஓடிய நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குப் பொருந்தாத அளவு பெரியது. சிலவற்றுக்கு வலப்பக்கம், சிலவற்றுக்கு இடப்பக்கம். அதை உயர்த்தி உயர்த்திக் காட்டிப் பெண்ணை அழைக்கும், மற்ற ஆணை விரட்டும். உண்பதற்கு அந்தக் கொடுக்கு உதவாது. சிறிய கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் இட்டு, அதிலுள்ள நுண்பாசியையும் பாக்டீரியாவையும் பிரித்து உண்டு, மிச்சத்தைச் சிறு உருண்டையாகத் துப்பிவிடும். வளையைச் சுற்றி இறைந்து கிடக்கும் மணிமணியான உருண்டைகள் அப்படி வந்தவையே. பெண்ணுக்கு இரு கொடுக்குகளும் சிறியவை என்பதால் ஆணைவிட வேகமாக உண்ண முடிகிறது.

இந்த வளைகள் காட்டுக்கும் பெரிய துணை. ஒவ்வொரு வளை வழியாகவும் நீரும் காற்றும் களிக்குள் இறங்குகின்றன. வளையின் சுவரை ஒட்டிய மண் செம்பழுப்பாகவும், அதற்கு ஒரு விரற்கடை தள்ளியுள்ள மண் கருப்பாகவும் இருப்பதைக் கரையோர வெட்டுகளில் காணலாம். ஆக்சிஜன் எவ்வளவு தூரம் எட்டியது என்பதை அந்த நிறமே காட்டிக்கொடுக்கிறது.

நண்டுகளுக்கிடையே, மார்புத் துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்திப் போகும் சேற்றுமீன்களும் இருக்கும். இவை மீன்கள்தாம், ஆனால் நீர் வற்றிய பின்னும் வெளியே நின்று மேய்கின்றன. தோலும் வாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும்வரை அவற்றின் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அடிக்கடி நீரில் புரண்டு உடலை நனைத்துக்கொள்கின்றன. கூம்பு வடிவச் சங்கு போன்ற ஊரிகள் சேற்றில் கோடிழுத்தபடி ஊர்ந்துகொண்டிருக்கும். இவற்றையெல்லாம் தேடி வருபவை உள்ளான்கள். வடக்கே சைபீரியாவரை சென்று முட்டையிடும் இனங்கள் ஐப்பசிக்கு முன்பே இங்கு இறங்கிவிடுகின்றன. அலகின் நீளம் இனத்துக்கு இனம் வேறு. எனவே ஒரே சேற்றில் ஒன்று மேலோட்டமாகவும் ஒன்று விரல் ஆழத்திலும் ஒன்று அதற்குக் கீழும் இரை தேடுகின்றன.

சுரபுன்னை வரிசை

சேற்றின் விளிம்பில் முதலில் நிற்கும் மரம் சுரபுன்னை, அறிவியல் பெயரில் ரைசோபோரா. உள்ளூரார் இந்தக் காடு முழுவதையுமே சுரபுன்னைக் காடு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பிச்சாவரத்தில் இது வாய்க்கால் ஓரங்களில் ஒரு குறுகிய வரிசையாக மட்டுமே நிற்கிறது. படகிலிருந்து தெரியும் பச்சைச் சுவர் பெரும்பாலும் இதுதான் என்பதால், காடெல்லாம் இந்த மரமே என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

நாள்தோறும் இருமுறை நனையும் இடம் இது. இங்கே உப்பைவிட மூச்சுத்திணறலே பெரிய தொல்லை. சுரபுன்னை அதற்குக் கண்ட வழி, தண்டிலிருந்தும் கிளையிலிருந்தும் வில்லாய் வளைந்து சேற்றில் இறங்கும் தாங்குவேர்கள். நீருக்கு மேலே இருக்கும் வேர்ப்பகுதியில் நுண்துளைகள் உண்டு. உள்ளே கடற்பஞ்சு போன்ற காற்றறைத் திசு நுனிவரை ஓடுகிறது. நார்வே வழிவந்த அமெரிக்க அறிவியலாளர் பெர் ஷோலாண்டரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1955-இல் வெளியிட்ட ஆய்வு இதை எளிய முறையில் மெய்ப்பித்தது. சேற்றுக்குள் புதைந்த வேரின் உள்ளே இருந்த காற்றில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தது. மேலே உள்ள துளைகளைக் களிம்பு பூசி அடைத்ததும், ஓரிரு நாள்களில் அது மிகக் குறைந்த அளவுக்கு விழுந்தது. வேருக்கு மூச்சு அந்தத் துளைகள் வழியாகவே போகிறது என்பதில் அதன்பின் ஐயமில்லை.

உப்பைச் சுரபுன்னை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வேரின் உயிரணுச் சவ்வுகள் நீரை விட்டு, உப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. இதற்கு விலை உண்டு. கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிழிந்தெடுக்க, ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்தை மிஞ்சிய இழுவிசை வேண்டும். ஷோலாண்டர் 1965-இல் அலையாத்தி மரங்களின் சாற்றுக்குழாய்களில் அளந்தபோது 30 முதல் 60 வளிமண்டலம் வரையான இழுவிசை இருப்பது தெரிந்தது. காலைக் காற்றில் அமைதியாக நிற்கும் ஓர் இலைக்கொத்து அந்த அளவு விசையோடு நீரை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது. உப்பு நீக்கும் ஆலைகள் மின்சாரம் செலவழித்துச் செய்யும் வேலையை, இலைகளிலிருந்து நீர் ஆவியாகும் விசையைக் கொண்டே மரம் முடித்துவிடுகிறது.

கிளைகளில் முருங்கைக்காய் போலத் தொங்குபவை காய்கள் அல்ல, நாற்றுகள். விதை மரத்திலேயே முளைத்து, தாயிடமிருந்தே நீரும் உணவும் பெற்று, ஒரு சாணிலிருந்து ஒரு முழத்துக்கும் மேல் நீண்ட பின்புதான் உதிர்கிறது. வற்றத்தில் விழுந்தால் சில சமயம் நேராகச் சேற்றில் குத்தி நிற்கும். ஏற்றத்தில் விழுந்தால் மிதந்து, வேறு ஏதாவது கரையில் தட்டி வேர்விடும். விதையாக விழுந்திருந்தால் முளைப்பதற்குள் அடுத்த ஓதம் அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

இந்தக் காட்டிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு சுரபுன்னையும் உண்டு. அருகருகே வளரும் இரு சுரபுன்னை இனங்களின் கலப்பில் பிறந்த மரம் பிச்சாவரத்தில் நின்றது. முதலில் வேறு நாடுகளில் அறியப்பட்ட லமார்க்கி என்ற கலப்பினமாக அதைக் கொண்டார்கள். பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கு. கதிரேசன் 1995-இல் அதைத் தனியாக விவரித்து, ரைசோபோரா அண்ணாமலயானா என்று பல்கலைக்கழகத்தின் பெயரை அதற்கு இட்டார். மரபணு ஆய்வுகள் பின்னர் அதன் பெற்றோர் யார் என்பதை உறுதிசெய்தன.

கண்டல் காடு

சுரபுன்னை வரிசைக்குப் பின்னால், தரை ஒரு சாண் உயர்ந்ததும், காட்சி மாறிவிடும். வளைந்த தாங்குவேர்கள் இல்லை. அவற்றுக்குப் பதில் தரையெங்கும் விரல் கனத்தில் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள். ஒரு மரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இவை இருக்கும். மரம் வெண்கண்டல், அவிசென்னியா மரினா. பிச்சாவரத்தில் மிகுதியாக உள்ள மரம் இதுவே. இலையின் அடிப்புறம் வெளிர்சாம்பல் நிறம் என்பதால் காற்றடிக்கும்போது காடே வெளுத்துத் தோன்றும். வெறுங்காலோடு இந்தப் பட்டையில் நடப்பது நல்லதல்ல. முறிந்த மூச்சுவேர் பாதத்தைக் கிழித்துவிடும். கால்வைக்கும்போது வேர்களை ஒடிக்காமல் வைப்பதும் முக்கியம். ஒவ்வொரு வேரும் மரத்தின் மூக்கு.

மூச்சுவேர் இயங்கும் விதம் ஓதத்தோடு இணைந்தது. நீர் ஏறி வேர் மூழ்கியதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகி, அழுத்தம் குறைகிறது. நீர் வற்றி வேர்நுனி வெளியே வந்த கணமே அந்த வெற்றிடம் காற்றை உள்ளே இழுக்கிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம் என்றால் மரத்துக்கு இரண்டு நீண்ட மூச்சு. நீர் ஒரு நாள், இரண்டு நாள் வற்றாமல் நின்றால் தாங்கும். வாரக்கணக்கில் தேங்கி நின்றால் மரம் செத்துவிடும். இதை நினைவில் வைத்தால்தான் அடுத்துவரும் வெட்டவெளியின் கதை புரியும்.

வெண்கண்டல் உப்பை ஓரளவு உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய பின் இலையை உற்றுப்பார்த்தால் மினுமினுக்கும் உப்புத்துகள்கள் தெரியும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அலையாத்தி மரங்களில் மிக அதிக உப்பைத் தாங்குபவற்றுள் இது ஒன்று என்பதால், நாள்தோறும் நனையாத, உப்பு ஏறிய இந்த மேட்டில் சுரபுன்னையைவிட இது வெல்கிறது. அப்படித் தாங்கினாலும் வளர்ச்சி குன்றாமல் இல்லை. வாய்க்காலை ஒட்டிய கண்டல் ஓங்கி நிற்க, உள்ளே போகப் போக மரம் குட்டையாகி, இடுப்பளவுப் புதராகிவிடுவதைக் காணலாம். நன்னீர் அதிகம் வரும் இடங்களில் கருங்கண்டலும், பூவரும் பருவத்தில் நீலம் காட்டும் கழுதைமுள்ளியும் சேர்ந்துகொள்ளும். உழவு நிலங்களிலிருந்து கான்சாகிப் வாய்க்கால் முதலியவை கொண்டுவரும் நீர்தான் இன்று இந்தக் காட்டுக்கு நன்னீர். கொள்ளிடத்தில் முன்போல் நீர் வராத ஆண்டுகளில் உப்புக் கூடுவதும் கண்டல் மட்டும் எஞ்சுவதும் இதனால்தான்.

உதிர்ந்த இலைகளின் வழியாகவே இந்தக் காடு கழியை ஊட்டுகிறது. பச்சை இலையில் துவர்ப்புச் சத்து மிகுதி என்பதால் உண்பார் குறைவு. மண்ணில் விழுந்து ஊறி, துவர்ப்பு கரைந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்த பிறகு அது நல்ல உணவாகிறது. நண்டுகள் இலையை வளைக்குள் இழுத்துச் செல்கின்றன. துகளானவை வற்றத்தோடு வாய்க்காலுக்குப் போகின்றன. இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் அங்கே காத்திருக்கின்றன. கடலில் பிறக்கும் இறால், புழுப்பருவம் முடிந்ததும் ஓதத்தோடு கழிக்குள் வந்து, வேர்களின் மறைவில் சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. கொடுவாயும் களிநண்டும் இதே கழியை நம்பியவை. பிச்சாவரத்து இருளர்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் வேர்களுக்கிடையே வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். எந்த ஓதத்தில் எந்த ஓடையில் இறால் ஒதுங்கும் என்று அறிந்த கைகள் அவை. அந்த அறிவு ஏட்டில் ஏறாமல் இருப்பது அறிவியலுக்கு இழப்பு.

உமரி வெளி

கண்டல் குட்டையாகி மறையும் இடத்தில் ஒரு வெட்டவெளி வரும். தரையில் உமரி படர்ந்திருக்கும். கோடையில் அது செக்கச்செவேலென்று மாறும். உமரியின் இலை தடித்தது. உப்பை வெளியேற்றாமல், நீரைச் சேர்த்துச் சேர்த்து அதன் செறிவைக் குறைத்துக்கொள்கிறது. கரையோரத்தார் இதைக் கீரையாகச் சமைப்பதுண்டு. உமரியும் இல்லாத இடங்களில் வெறும் தரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

இயற்கையாகவே உயர்ந்து உப்பேறிய வெளிகள் உண்டு. ஆனால் பிச்சாவரத்தின் வெளிகளில் பல மனிதரால் உண்டானவை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1970-கள் வரை, காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறு என்ற முறையில் விறகுக்கும் மரத்துக்கும் முற்றாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் காடு தானே மீளும் என்பது எதிர்பார்ப்பு. மலைக்காட்டில் அது ஓரளவு நடக்கும். இங்கே நடக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே களியில் இறங்கியது. வேர்கள் மக்கி, ஈரம் வற்றி, மண் அமுங்கியது. திட்டின் நடுப்பகுதி விளிம்பைவிடத் தாழ்ந்து தாம்பாளம் போலக் குழிந்தது. அமிழ்ந்தது ஒரு சாணுக்கும் குறைவுதான் என்றாலும், ஓதம் ஒரு மீட்டருக்குள் ஏறும் இந்தக் கரையில் அதுவே போதும். பெரிய ஏற்றத்தில் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது, ஆவியானது, உப்பு மிஞ்சியது. தேக்கத்தில் மூச்சுவேர்கள் மடிந்தன, உப்பில் நாற்றுகள் கருகின. எத்தனை முறை கன்று நட்டாலும் பிழைக்காத தரை அப்படித்தான் உருவானது.

மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990-களில் இந்தக் குழிவைக் காரணமாகக் கண்டறிந்து, நடுவதை ஒத்திவைத்து முதலில் நீரைச் சரிசெய்தன. குழிந்த திட்டின் நடுவே ஒரு முதன்மை வாய்க்காலை வெட்டி இயற்கை ஓடையோடு இணைத்தார்கள். அதன் இருபுறமும் சாய்கோணத்தில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும் இந்த அமைப்பில் ஏற்றத்தோடு நீர் எல்லாப் பக்கமும் நுழைந்து, வற்றத்தோடு முழுவதும் வடிகிறது. தேக்கம் நீங்கியது, சேர்ந்த உப்பு கழுவிச் செல்லப்பட்டது. பிறகு வாய்க்கால்களின் சரிவில், ஓதம் நாள்தோறும் தொடும் உயரத்தில், கண்டல் நாற்றுகளை ஊன்றினார்கள். அவை வளர்ந்தன. அண்டையிலுள்ள ஊர்மக்களைக் குழுக்களாகச் சேர்த்து நடந்த பணி இது. வாய்க்கால்கள் தூர்ந்துவிடாமல் அவ்வப்போது வாருவதும் அதில் அடங்கும். கன்று நடுவதைவிட வடிகாலைப் பார்ப்பதே அலையாத்திக் காட்டை மீட்கும் வேலையில் பெரும்பங்கு என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. இலட்சம் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டும் திட்டங்கள், நட்ட தரையின் உயரத்தை அளந்தனவா என்று முதலில் கேட்க வேண்டும்.

தில்லை

வெளியைத் தாண்டி, மழைவெள்ளமும் மிகப் பெரிய ஏற்றமும் மட்டும் எட்டும் கரையில் நிற்பது தில்லை. சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம் இது. கோயிலைச் சுற்றி இன்று தில்லைவனம் இல்லை. மரத்தைக் காண விரும்புவோர் கழிக்கரைக்குத்தான் வரவேண்டும். தாங்குவேரோ மூச்சுவேரோ இதற்குத் தேவைப்படவில்லை. தரையின் மேலேயே பரவிக் கிடக்கும் வேர்களின் துளைகள் போதும். ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. ஆண்மரத்தின் பூங்கதிரைத் தேடித் தேனீக்கள் மொய்க்கும். உதிரும் முன் இலைகள் சிவக்கும் என்பதால் பச்சைக்கு நடுவே தில்லையைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம்.

இலையையோ கிளையையோ ஒடித்தால் பால் வடியும். அது தோலில் பட்டால் கொப்புளம் வரும், கண்ணில் பட்டால் சில காலம் பார்வையே மங்கிவிடும். ஆகவே நடப்பவர்கள் இந்த மரத்தைத் தொடாமல் பார்ப்பது நல்லது. தற்செயலாகப் பால் பட்டால் உடனே நன்னீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மணல்மேடு

கழிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டில் ஏறியதும் சேற்றின் வாடை நின்றுவிடும். இங்கே உயரம் இன்னொரு விதமாகக் காட்டை நடத்துகிறது. மணலில் இறங்கும் மழைநீர், கீழே உள்ள உப்புநீரோடு எளிதில் கலப்பதில்லை. எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் கூடுதல். எனவே கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே நாற்பது சாண் ஆழம்வரை நன்னீர் இருக்கும். கடற்கரைக் குப்பங்களில் மணலில் தோண்டிய ஊற்று குடிக்கத் தகுந்த நீரைத் தருவதும், கடலுக்கு அத்தனை அருகில் பனையும் புன்னையும் செழிப்பதும் இதனால்தான். மேட்டின் மணலை அள்ளுவதால் நன்னீர் நிற்கும் மட்டம் தாழ்ந்தால், கீழே உள்ள நன்னீரின் ஆழம் அதே நாற்பது மடங்கில் குறையும்.

கடல்பக்கச் சரிவில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைக் கட்டுகின்றன. இராவணன் மீசையின் முள்நிறைந்த விதைத்தலை முற்றியதும் கழன்று, காற்றில் உருண்டோடி வழியெல்லாம் விதைக்கும். மாசி, பங்குனி இரவுகளில் இந்த மணலில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுவதுண்டு. கழிப்பக்கச் சரிவில் தாழை, புன்னை, பனை. பல இடங்களில் சவுக்குத் தோப்புகள் இவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன, சீமைக்கருவேலமும் புகுந்திருக்கிறது.

மேட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம், ஓதமும் உப்பும் எட்டாத உயர்ந்த தரையில் ஒரு காலத்தில் இருந்தது சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிட, மற்ற மாதங்களில் வறட்சியைத் தாங்க வேண்டிய இடம் இது. இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலையுதிர்ப்பதே வழக்கம். இங்குள்ள வீரை, பாலை, காயா முதலிய மரங்களோ சிறிய, தடித்த, மெழுகுபூசிய இலைகளை ஆண்டு முழுதும் வைத்திருக்கின்றன. உயரம் அதிகமில்லை; அடர்த்தியும் கொடிகளும் மிகுதி. கடலூர், புதுச்சேரி, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஐயனார், அம்மன் கோயில் காடுகளாக நிற்கும் துண்டுகள். விறகும் உழவும் ஊர்ப்பெருக்கமும் மற்றவற்றைத் தின்றுவிட்டன. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலையும் மரக்கரியால் எரிந்ததே. சேலத்துக் கனிமத்தை உருக்க எத்தனை காடுகள் கரியாயின என்பதை நினைத்தால், கோயில் காட்டில் நிற்கும் ஒவ்வொரு வீரை மரமும் எவ்வளவு அரிய மிச்சம் என்பது விளங்கும்.

உயரமும் ஆழிப்பேரலையும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தின் திறந்த கடற்கரைக் குப்பங்கள் அழிந்தன. அலையாத்திக் காட்டுக்குப் பின்னாலிருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005-இல் எழுதிய கட்டுரையும், ஃபின் டேனியல்சன் குழுவினர் அதே ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் கடலூர்க் கரையைப் பற்றி எழுதியதும் உலகெங்கும் பேசப்பட்டன. காடு காத்தது என்ற செய்தி நிலைத்தது.

மறு ஆண்டே கெர், பேர்டு, கேம்பெல் ஆகியோர் முதல் கட்டுரையின் தரவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். உயிரிழப்பு குறைந்த குப்பங்கள் கடலிலிருந்து தொலைவிலும் உயரமான தரையிலும் இருந்தவை என்றும், அவ்விரண்டையும் கணக்கில் எடுத்தபின் காட்டின் பரப்பு தனியாக விளக்குவது மிகச் சிறிதே என்றும் காட்டினர். அலையாத்தி வளர்வதே அலை நேரடியாக மோதாத மறைவான இடத்தில்தான். அதன் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளியிருக்கும். காட்டின் பங்கையும் இடத்தின் பங்கையும் பிரிப்பது ஆகவே எளிதல்ல. அடர்ந்த வேரும் தண்டும் நீரின் விசையைக் குறைக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. புயல் அலையிலும் நாள்தோறும் நடக்கும் அரிப்பிலும் அதன் பயன் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் மரவரிசை ஒன்றை நட்டுவிட்டு அதை நம்பித் தாழ்ந்த கரையில் வீடு கட்டலாம் என்று சொல்ல இந்த ஆய்வுகளில் இடமில்லை. மணல்மேட்டின் உயரமும் கடலிலிருந்து விலகிய தூரமும்தான் முதல் அரண்.

கடல்மட்டம் இப்போது உலகெங்கும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துவருகிறது. ஓதம் ஒரு மீட்டருக்குள் அடங்கும் கரையில் ஒரு சாண் உயர்வு என்பது, இந்த நடையில் கண்ட பட்டைகள் அனைத்தும் ஒரு படி உள்ளே நகர வேண்டும் என்பதே. சுரபுன்னை கண்டலின் இடத்துக்கும், கண்டல் உமரி வெளிக்கும், தில்லை அதற்கும் மேலே உள்ள தரைக்கும் போக வேண்டும். வேர்கள் வண்டலைப் பிடித்துத் தரையைத் தாமே உயர்த்திக்கொள்வதும் உண்டு. அதற்கு ஆறு வண்டல் கொண்டுவர வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் அணைகளுக்கும் தடுப்பணைகளுக்கும் பின்னால் வண்டலை இறக்கிவிட்டு வருகின்றன. உள்ளே நகர்வதற்கோ, பல இடங்களில் தில்லைக்கு அடுத்த அடியிலேயே இறால் பண்ணைக் கரையும் வயல்வரப்பும் சாலையும் தொடங்கிவிடுகின்றன. கழிக்கரையில் அடுத்து அளந்து குறிக்கப்பட வேண்டியவை அந்தத் தடைகளின் இடமும் உயரமுமே.